அக்கா திருப்பி வாங்கிய ஆய்வு

அக்கா போய் ஓர் ஆண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவிடம் படித்தவர்களுக்கும், எங்கள் ஊர்க்காரர்களுக்கும் என் வணக்கம்.

அக்காவின் நினைவு மலருக்குக் கட்டுரை எழுதச் சொன்னபோது, அக்காவின் மாணவிகளிடம் கொடுங்கள், நன்றாக எழுதுவார்கள் என்றேன். கூடப் பிறந்தவன் எழுதினால்தான் முறை என்றார்கள். நான் கிருமாம்பாக்கத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். அலங்காரமாக எழுத வராது. வேறு சிலர் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். “அமைதியின் வடிவம்”, “அடக்கத்தின் இருப்பிடம்” என்று எழுதியிருக்கிறார்கள். யாரைப் பற்றி எழுதினார்கள் என்று தெரியவில்லை. அக்கா ஒரு வேளைச் சோற்றை முழுதாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். அந்த ஓயாத மனுஷியைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். அதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பாகூர் கொம்யூனில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில். பஞ்சாயத்து வட்டாரத்தை அவர்கள் கொம்யூன் என்பார்கள். தாத்தாவுக்கு ஏரிப் பாசனத்தில் நன்செய் நிறைய இருந்தது. அக்கா பள்ளிக்கூடத்தை முடித்த வருடம் அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பக் கூடாது என்றார். அம்மா அடுப்பு மூட்டாமல் படுத்துக்கொண்டார். பெரியப்பாவுக்குப் பசி தாங்காது. அக்கா புதுச்சேரியில் பட்டம் வாங்கியதும், சென்னைக்குப் போய்ச் சரித்திரத்தில் எம்.ஏ. படித்ததும் அப்படித்தான் நடந்தது. திரும்பி வந்து அறுபதுகளில் புதுச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். தற்காலிக விரிவுரையாளர். அந்தத் தற்காலிகம் கடைசிவரை அக்காவை விடவில்லை.

ஒரு நாள் பாடப் புத்தகத்தோடு என் பட்டறைக்கு வந்தார். பஸ் வரும்வரை அங்கேதான் நிற்பார்.

“டேய், இந்தப் புத்தகத்துல புதுச்சேரிப் பொம்பளைன்னா கவர்னர் பொண்டாட்டி ஒருத்திதான்டா. மத்தவங்கல்லாம் எங்க போனாங்க?”

“வயலுக்குப் போயிருப்பாங்க” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே வயலுக்குப் போக ஆரம்பித்தார்.

முதலில் வீடு வீடாகத்தான் போனார். அது சரிப்படவில்லை. உங்களுக்கு எத்தனை வயதில் கல்யாணம் ஆயிற்று என்று மனைவியைக் கேட்டால், வாசலில் பீடி குடிக்கும் கணவன் பதில் சொல்வான். “அதுக்கு இன்னா தெரியும் டீச்சர், என்னைக் கேளுங்க.” மாமியார் இருந்தால் மருமகள் வாயே திறக்க மாட்டாள். அதனால் ஆண்கள் இறங்காத இடமாகப் பார்த்து அக்கா போனார். அது நடவு வயல். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்களோடு வரிசையில் குனிந்தார்.

“இன்னா பாப்பா, காலேஜுல தள்ளி வுட்டுட்டாங்களா?”

“சம்பளம் பத்தலபோல. நடவுக்கு வந்துட்டுது.”

“பாத்து நடு பாப்பா, நாத்து தலகீழா போவுது. உங்க வூட்டு நெல்லுதான், எங்களுக்கு இன்னா.”

இப்படிக் கேலி பேசிக்கொண்டே அவர்கள் நடந்ததையெல்லாம் சொன்னார்கள். யார் யாரை அடித்தது, யார் எப்போது பிரான்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து ஓடிப்போனான், எந்தப் பஞ்சத்தில் எதைத் தின்றார்கள், எல்லாமே. ஆனால் வருடம் மட்டும் யாருக்கும் தெரியாது. எப்போது நடந்தது என்று கேட்டால், “எங்க சரோசா வயித்துல இருந்தப்ப” என்பார்கள். “பெரியவன் தவழ்ந்துகினு இருந்தான்” என்பார்கள்.

அக்கா சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்ட ஆய்வுக்குப் பதிந்திருந்தார். வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் இதைக் கேட்டுவிட்டு, “உங்கள் ஆவணக் காப்பகம் பெண்களின் வயிற்றிலா இருக்கிறது?” என்று மற்றவர்கள் முன்னால் கேலி செய்திருக்கிறார். அக்கா கோபத்தோடு ஊருக்கு வந்தார். நேராகக் கொம்யூன் ஆபீசுக்குப் போனார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அங்கே போய் எழுத வேண்டும். சரோசா பிறந்த தேதி அந்தப் பதிவேட்டில் இருக்கும். சரோசா வயிற்றில் இருந்தபோது நடந்ததற்கு அதை வைத்து வருடம் கண்டுபிடிக்கலாம். அக்காவின் வேலை முறை இதுதான். பெண்கள் பிள்ளைப்பேற்றைச் சொல்வார்கள். அக்கா பதிவேட்டில் தேதியைப் பார்ப்பார். அதற்குப் பிறகு பேராசிரியர் கேலி செய்யவில்லை. பதிவேடு சர்க்கார் சமாச்சாரம் ஆயிற்றே.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். உறவினர்களில் பலருக்கு இது பிடிக்காது. பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டு அடுத்ததில் இருக்கும் போட்டோக்களைப் பார்க்கலாம்.

நான் பிறப்பதற்கு முன்பெல்லாம் நடவுக்கு வரும் பெண்கள் கைக்குழந்தையை வரப்பில் போட்டுவிட்டு இறங்குவார்கள். உச்சிவேளைவரை கரையேற விடமாட்டார்கள். குழந்தை கத்தினால் கத்த வேண்டியதுதான். ஒரு நாள் தாத்தாவின் வயலில் ஒருத்தி பொறுக்க முடியாமல் குழந்தைக்குப் பால் கொடுக்கக் கரையேறிவிட்டாள். தாத்தாவின் காரியக்காரர் அவளை அசிங்கமாகத் திட்டினார். மற்ற பெண்கள் எல்லோரும் மேலே ஏறி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்று முடிகள் வெயிலில் கிடந்தன. தாத்தாவே வந்து, பால் கொடுக்கிறவர்கள் கரையேறலாம் என்று சொன்ன பிறகுதான் இறங்கினார்கள். அவர்களில் அஞ்சலை அம்மாளும் ஒருவர். அப்போது அவருக்கு நிறைமாதம். அந்த வாரத்திலேயே அவருக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை, கன்னியம்மா.

அந்தக் காலத்தை ஒட்டித்தான் எங்கள் ஊரில் ஆண்கள் விவசாயக் கூலிச் சங்கம் ஆரம்பித்தார்கள். முதல் கூட்டத்து நோட்டீஸ் இருக்கிறது. அதில் தேதி இருக்கிறது. பெண்கள் உட்கார்ந்தது அதற்கு முன்பா, பின்பா? அக்காவின் ஆய்வே இந்தக் கேள்வியில்தான் நின்றது. பின்பு என்றால் பெண்கள் ஆண்களைப் பார்த்துச் செய்தார்கள் என்று ஆகும். முன்பு என்றால் எங்கள் பக்கத்துக் கூலிக்காரர்களின் கதையையே திருப்பி எழுத வேண்டும்.

பதிவேட்டைப் பார்த்தார். கன்னியம்மா பிறந்த தேதி, சங்கக் கூட்டத்துக்குச் சில மாதம் பின்னால் இருந்தது. ஆகவே, சங்கம் தந்த விழிப்புணர்ச்சியால் பெண்களும் போராடினார்கள் என்று எழுதிவிட்டார். பேராசிரியருக்குப் பரம சந்தோஷம். அவர் அந்தச் சங்கத்தைப் பற்றி ஏற்கெனவே புத்தகம் போட்டவர். அதிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். உடனே கையெழுத்துப் போட்டார். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாயிற்று. டாக்டர் பட்டம் வந்தால் வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்று கல்லூரியும் சொல்லியிருந்தது.

அக்கா சும்மா இருக்கவில்லை. எழுதியதை அந்தப் பெண்களிடமே போய்ச் சொன்னார். மோட்டார் ரிப்பேர் என்று அன்று நானும் அந்த வயலில்தான் இருந்தேன். அஞ்சலை அம்மாளுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தார்.

“யாரு, அவனுங்களப் பாத்தா நாங்க குந்தனோம்? நாங்க கரையேறனப்ப அவனுங்க தூரமா நின்னுகினு, ‘ஏண்டி வம்பு, எறங்குங்கடி’ன்னு கத்துனானுங்க.”

“நம்மளப் பாத்துதான் அவனுங்களுக்கு மீசையே மொளச்சுது” என்றார் இன்னொருவர். வயலே சிரித்தது.

“இல்லம்மா, ஆபீசு புக்குல கன்னியம்மா பொறந்த தேதி சங்கத்துக்குப் பின்னாடி இருக்குது” என்றார் அக்கா.

“அப்ப புக்கயே கேட்டுக்க பாப்பா. என்னை எதுக்கு வந்து கேட்ட?”

சொல்லிவிட்டு அவர் மறுபடி நடவுக்குக் குனிந்துவிட்டார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பதிவேட்டைத்தான் நம்பினார். படித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் நம்புவார்கள்.

சில வாரம் கழித்துப் பெரியப்பா அக்காவுக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை வீட்டில் பெண்ணின் வயதைக் கேட்கிறார்கள் என்றார். அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஆபீசுல எழுதன வயசச் சொல்லுங்க. உண்மை வயசச் சொன்னா ஓடிப்புடுவானுங்க.”

அக்கா உள்ளேயிருந்து வந்தார். கையில் தட்டு.

“இன்னாம்மா உண்மை வயசு?”

“ஒண்ணுமில்ல, போ.”

“ஆபீசுல எழுதனது பொய்யா?”

“பொய் இன்னாடி பொய். உன்னை எழுதறதுக்குன்னு தனியா எவன் போனான்? தம்பி பொறந்ததும் உங்கப்பா குளிச்சி, வெள்ள வேட்டி கட்டிக்கினு எழுதப் போனாரு. அப்பிடியே உன்னையும் எழுதினு வந்தாரு. இவ்ளோ லேட்டான்னு கேப்பாங்கன்னு ஒரு வயசக் கொறச்சுச் சொல்லிட்டாரு. இவன் பொறக்கறப்ப நீ நல்லா ஓடுவ, பேசுவ. இவனத் தூக்கிக் கெணத்துல போட்டுடவான்னு கேட்ட.”

பதிவேட்டின்படி அக்கா எனக்குப் பத்து மாதம்தான் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அது அப்பா குறைத்துச் சொன்ன கணக்கு என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பெரியப்பா வரனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “டேய், நானே தப்பாத்தான்டா பதிவாயிருக்கேன்” என்றார்.

ஊரில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். ஆண் பிள்ளை என்றால் மறுநாளே போவார்கள். சொத்துக்கு வாரிசு ஆயிற்றே. பெண் பிள்ளை என்றால் வரி கட்டவோ அடுத்த பிள்ளையை எழுதவோ ஆபீசுக்குப் போகும்போது சேர்த்து எழுதுவார்கள். அதிகாரி கோபிக்கக் கூடாது என்று, சமீபத்தில்தான் பிறந்ததுபோலத் தேதியைத் தள்ளிச் சொல்வார்கள். எல்லா ஊரிலும் இது தெரியும். யாரும் தப்பாக நினைத்ததில்லை. அக்கா தன் ஆய்வு முழுவதையும் இந்தத் தேதிகளின் மேல் கட்டியிருந்தார்.

அடுத்த நாளே என் ஸ்கூட்டரில் அஞ்சலை அம்மாள் வீட்டுக்குப் போனோம். கன்னியம்மாவை எப்போது எழுதினீர்கள் என்று அக்கா கேட்டார். அஞ்சலை அம்மாளுக்கு நினைவில்லை. “அவரு எப்ப போனாரோ, யாரு கண்டா.” உண்மையில் எப்போது பிறந்தாள் என்பதற்கு வேறு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று அக்கா விடாமல் கேட்டார். அஞ்சலை அம்மாள் கொஞ்சம் தயங்கினார். பிறகு என்னைக் கைகாட்டினார்.

“இந்தா நிக்கறானே உன் தம்பி. இவன் பொறந்தப்ப உங்கம்மாவுக்குக் காய்ச்சல், பால் இல்ல. உங்க வூட்டுப் பின்பக்கமா என்னைக் கூட்டினு போனாங்க. கன்னியம்மாவுக்கு அப்ப ரெண்டு மாசமோ மூணு மாசமோ. இவளுக்கு ஒரு பக்கம், இவனுக்கு ஒரு பக்கம். இவளுக்கு முன்னாடி எனக்குப் புள்ள ஏது?”

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பிறந்ததும் என்னை உடனே எழுதிவிட்டார்கள். என் தேதி சங்கக் கூட்டத்துக்கு முன்னால் இருக்கிறது. எனக்குப் பால் கொடுத்தபோது கன்னியம்மா பிறந்து சில மாதம் ஆகியிருந்தது. கன்னியம்மா பிறந்த வாரத்தில்தான் பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆக, பெண்கள்தான் முதல்.

“பால் குடுக்கக் கரையேத்த மாட்டேன்னுதான் உங்க தாத்தா நின்னாரு” என்றார் அஞ்சலை அம்மாள். “அவரு பேரனுக்குக் குடுக்கறதுக்கு மட்டும் நேரங்காலம் பாக்கல. காரியக்காரரே வயலுக்கு வந்து கூப்புடுவாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, “உங்கம்மா யாருகிட்டயும் சொல்லாதன்னு கையப் புடிச்சுக் கேட்டுக்கினாங்க. நீயா வந்து நோண்டற” என்று அக்காவைக் கோபித்தார்.

அம்மாவிடம் கேட்டோம். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். மறுபடி கேட்டபோது எழுந்து போய்விட்டார். விஷயம் பெரியப்பா காதுக்குப் போயிற்று.

“நம்ம வூட்டுப் புள்ள சேரிப் பால் குடிச்சான்னு புக்குல அச்சடிக்கப் போறியாடி? அப்பறம் எவன் நம்மகூட சம்பந்தம் வச்சுக்குவான்?”

“குடிச்சவன் நான், பெரியப்பா” என்றேன். “எனக்கு எப்பவோ செரிச்சுப்போச்சு. உங்களுக்கு ஏன் வயிறு கலங்குது?”

அன்றைக்கு அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அக்கா சென்னைக்குப் போய்ப் பேராசிரியரைப் பார்த்தார். கூட நானும் போனேன். ஆய்வைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று அக்கா சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஒரு கூலிக்காரியின் பேச்சுக்காக அரசாங்கப் பதிவேட்டைத் தள்ளுவீர்களா? அந்த அம்மாள் சொன்னதை உங்கள் தாயாரே மறுக்கிறார். ஒரே ஒரு தேதி. யாரும் கவனிக்கப்போவதில்லை.”

“நான் கவனிச்சுட்டேன் சார்” என்றார் அக்கா.

அங்கேயே மனு எழுதிக் கொடுத்து ஆய்வேட்டைத் திருப்பி வாங்கினார். அவர் இனி வழிகாட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். பட்டம் இல்லை என்று கல்லூரி அடுத்த வருடம் அக்காவை நிறுத்திவிட்டது. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்காவைப் பைத்தியம் என்று சொன்ன உறவினர்கள்மேல் இருக்கிறது. நீங்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு எழுபதுகள் முழுவதும் அக்கா ஓட்டம்தான். காலையில் டுடோரியல் காலேஜில் பாடம். மதியம் வில்லியனூர்ப் பக்கம், அபிஷேகப்பாக்கம், அங்கே முடிந்தால் இன்னொரு ஊர். தாமதமாக எழுதப்பட்ட பெண் பிள்ளைகளைத் தேடிப் போனார். எந்தப் பெண்ணோடு எந்த ஆண் பிள்ளை பால் குடித்தது, எந்தப் பெண் பிறந்த அன்று பக்கத்து வீட்டில் ஆண் பிள்ளை பிறந்தது என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். “பொண்ணு எப்ப பொறந்தான்னு தெரிஞ்சுக்கறதுக்கும் ஒரு பையன்தான்டா சாட்சியா வேணும்” என்று ஒருமுறை பட்டறையில் நின்று கத்தினார். மோட்டார் எடுக்க வந்தவர்கள் பயந்துவிட்டார்கள்.

பதிவேடு பெண்கள் விஷயத்தில் பொய் சொல்லும் என்பதை அக்கா நன்றாகவே காட்டிவிட்டார். வேறொரு பேராசிரியர் வழிகாட்டவும் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஒரு நாளுக்கு மட்டும், பெண்கள் வரப்பில் உட்கார்ந்த அந்த நாளுக்கு, அம்மா வாய் திறக்க வேண்டியிருந்தது. அக்கா அம்மாவிடம் கெஞ்சினார், சண்டை போட்டார், பேசாமல் இருந்து பார்த்தார். அம்மா அசையவில்லை. மாமியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன் என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அஞ்சலை அம்மாள் ஒரு காலையில் இறந்துபோனார். சேதி வந்ததும் அக்கா ஓடினார். நான் பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் நின்றிருந்தார்.

“கோடிப் புடவ ஒண்ணு எடுத்தாடா. நல்லதா எடு.”

“யாருக்கு?”

“கேக்காத. எடுத்தா.”

இறந்தவர் மேல் கோடித் துணி போடுவது சொந்தக்காரர்கள். வேறு யாரும் போட மாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து அதுவரை ஒருவரும் காலனி இழவு வீட்டுக்குள் காலே வைத்ததில்லை. அம்மா நட்டநடுப் பகலில் தெருவழியே நடந்தார். நான் பின்னால் போனேன். பெரியப்பா ரோட்டில் நின்று, “ஏம்மா, எங்க போற? அறிவிருக்கா உனக்கு?” என்று கத்தினார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அம்மா என்னை முன்னால் தள்ளினார்.

“போடுடா. உனக்கு மொத மொத பால் குடுத்தவ. புள்ளையா நின்னு போடு.”

நான் போட்டேன். அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “எனக்கு அப்ப காய்ச்சல், சுரக்கல. இவதான் எம் புள்ளைய எடுத்துக்கினா. தலைச்சன் பொண்ணு மூணு மாசத்துப் புள்ள, அத ஒரு பக்கம் போட்டுக்கினு, இவன ஒரு பக்கம் போட்டுக் குடுத்தா. எம் மாமியா சொல்லக் கூடாதுன்னாங்க. இத்தினி நாளும் நான் சொல்லல.”

தலைமாட்டில் இருந்த கன்னியம்மா எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். அக்கா பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

“இன்னாடி நிக்கற? எழுதிக்க.”

அக்கா எழுதினார். இந்த முறை தேதியைச் சரியாக எழுதினார். வாய்மொழித் தேர்வில் ஒருவர், உங்கள் தாயும் தம்பியுமே சாட்சி என்றால் அது ஒருதலைப்பட்சம் ஆகாதா என்று கேட்டார். “இதை மறைத்ததே என் குடும்பம்தான். குடும்பத்தின் பக்கம் நின்றிருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்” என்றார் அக்கா. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

டாக்டர் பட்டம் வந்தது. வேலை வரவில்லை. மதகடிப்பட்டு வழியாகப் பஸ் பிடித்து விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய்வந்தார். அங்கேயும் தற்காலிகம்தான். பேராசிரியர் என்று அழைப்பிதழ்களில் போட்டார்கள். அந்தப் பதவியில் அக்கா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. பெரியப்பா வீட்டு விசேஷங்களுக்கு எங்களைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. அக்காவுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். மொய் எழுதும் நேரத்தில் இரண்டு ஊர் பார்த்துவிடலாம் என்பார்.

பட்டம் வாங்கிய பிறகு ஓட்டம் குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன், இன்னும் எத்தனை இருக்குமோ என்பார். எழுதி முடித்த பக்கங்களைத் திரும்பத் திரும்பக் கிழித்தார். மாணவிகள் எழுதிக் கொண்டுவருவதில் “யார் சொன்னது? எங்கே இருந்துகொண்டு சொன்னார்? பக்கத்தில் யார் இருந்தார்?” என்று ஓரத்தில் கேள்வி எழுதி அனுப்புவார். அவர்களில் சிலர் அழுதிருக்கிறார்கள். பிறகு அவர்களே அதைப் பெருமையாகச் சொன்னார்கள்.

வயிற்றில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நோய் முற்றியிருந்தது. வலியை மறைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். படுக்கையிலும் சண்டைதான். சீட்டில் கணவர் பெயரா, தகப்பனார் பெயரா என்று கேட்டதற்கு, தாயார் பெயருக்கு இடம் எங்கே என்று நர்ஸை மடக்கினார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணிடம் அவர் கதையைப் பாதி கேட்டிருந்தார். மீதியைக் கேட்பதற்குள் நினைவு தப்பிவிட்டது. ஐம்பதை ஒட்டிய வயது. பதிவேட்டு வயதை இந்த மலரின் அட்டையில் போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

பால் விஷயத்தை மலரில் எழுத வேண்டாம் என்று மூன்று வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பழைய வழிகாட்டிப் பேராசிரியர், “என் அருமை மாணவி” என்று இரங்கல் எழுதி அனுப்பியிருந்தார். அதில் அக்கா திருப்பி வாங்கிய முதல் ஆய்வைப் பாராட்டியிருந்தார். தப்பு என்று அக்காவே சொன்னதைப் பாராட்டினால் அது அஞ்சலி ஆகாது. அதை அச்சில் சேர்க்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் கூடவே இருந்த மாணவிகளுக்கு நன்றி. இரத்தம் கொடுத்த கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு பிள்ளைகளுக்கு நன்றி. அக்கா கேட்ட பதிவேடுகளையெல்லாம் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்த கொம்யூன் ஆபீஸ் ஊழியர்களுக்கு நன்றி. இந்த வயதில் மகளைப் பறிகொடுத்துவிட்டு, எனக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கடைசியாக, அன்று வரப்பில் உட்கார்ந்தவர்களுக்கு. அக்கா தேடிக் கண்டுபிடித்த பெயர்கள் இவை: அஞ்சலை, முனியம்மா, பச்சையம்மா, குப்பம்மா, சின்னப்பொண்ணு, மரியம்மாள், செங்கேணி. முதலில் கரையேறிய பெண்ணின் பெயர் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் பட்டறைக்கு வந்து சொல்லுங்கள். இவர்கள் உட்கார்ந்த பிறகுதான் சங்கம் வந்தது. சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் யாராவது இதை மாற்றிச் சொன்னால், கூட்டத்தில் நான் எழுந்து நிற்பேன்.